எல்லா வண்டிகளும் தேறிய கடை

அந்தப் புகைச்சோதனைக் கடையில் அதுவரை ஒரு வண்டிகூடத் தோற்றதில்லை.

நாற்சந்தியில், பஞ்சர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நின்ற ஒற்றை அறை அது. முன்னால் வண்டிகள் வரிசையாக நிற்கக் குறுகலான ஒரு சந்து. உள்ளே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் சோதனை மெஷின். மெஷினிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் குழாய் புறப்படும். நியாயமாக அந்தக் குழாய் வாசல் பக்கம் போய், வந்திருக்கும் வண்டியின் சைலன்சருக்குள் நுழைய வேண்டும். இந்தக் கடையில் அது எதிர்த்திசையில் போனது. பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. குழாய் அதற்குள் புகுந்து மறைந்துவிடும். அது எங்கே போகிறது என்று எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. ஓட்டலுக்குச் சாப்பிடப் போகிறவர்கள் சமையலறையை எட்டிப் பார்ப்பதில்லை அல்லவா, அது மாதிரி.

சுவருக்குப் பின்னால், தகரக் கொட்டகைக்குள், உத்தமன் நின்றிருந்தான்.

உத்தமன் என்பது ஒரு சின்ன வெள்ளை கார். பெயர் வைத்தது பஞ்சர் கடைக்காரர். புகைச்சோதனைக் கடைக்காரர் அதற்கு ஊற்றும் ஆயிலை வடிகட்டி ஊற்றுவார். பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். தெருவில் ஓட்டினால் கெட்டுப்போய்விடும் என்று ஓட்டுவதே இல்லை. முன்னால் ஒரு லாரி வந்து நிற்கும். கடைக்காரர் அதன் நம்பர் பிளேட்டைப் படம் எடுப்பார். பிறகு கொல்லைப்பக்கம் போய் உத்தமனை ஸ்டார்ட் செய்வார். உள்ளே அவர் மனைவி லாரியின் நம்பரைத் தட்டுவாள். உத்தமன் மூச்சுவிடுவான், லாரி தேறிவிடும். டெம்போ, ஆட்டோ, தண்ணீர் வண்டி, குப்பை வண்டி என்று ஊரில் ஓடிய அத்தனைக்கும் சேர்த்து மூச்சுவிட்டது அவன் ஒருவன்தான்.

"நாம யாரையும் ஏமாத்தலை" என்பது கடைக்காரரின் கட்சி. "நல்ல வண்டி எப்படி இருக்கணும்னு மெஷினுக்கு எடுத்துக் காட்டுறோம். அதுக்கும் ஒரு முன்மாதிரி வேணும்ல?"

மனைவிக்கு ஆரம்பத்தில் உறுத்தியது உண்மை. ஆனால் காலையிலிருந்து மாலைவரை 'தேறியது, தேறியது' என்று அச்சடித்து, முத்திரை குத்தி, இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நாளில் கைக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. பஸ்ஸில் போகும்போது முன்னால் போகும் லாரியைப் பார்த்து, "நம்ம லாரிதான், போன மாசம் தேறுச்சு" என்று பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் பெருமையாகச் சொல்வாள். லாரி விட்ட புகையில் இருவருக்கும் கண் எரியும். வெயில் ஜாஸ்தி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அவளுக்கு இருந்த ஒரே கவலை மகளின் இருமல்.

இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாக இருப்பாள். திங்கட்கிழமை சாயந்தரம் தொடங்கும். சனிக்கிழமைவரை வறட்டு இருமல், இரவில் விசில் மாதிரி ஒரு மூச்சு. டாக்டரம்மா மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?"

"சேச்சே, யாரும் இல்லைங்க."

"அடுப்புப் புகை, கொசுவர்த்தி?"

"எல்லாம் நிறுத்தியாச்சுங்க டாக்டர். தலையணைகூட மாத்தியாச்சு."

"ஸ்கூலுக்கு எதுல போறா?"

"வேன்ல. என் தம்பி வேன்தான்."

"பழைய வேனா? புகை வருமா?"

அவள் சிரித்துவிட்டாள். "அந்தக் கவலையே வேண்டாம் டாக்டர். அது தேறின வண்டி. நானே என் கையால சர்டிபிகேட் அடிச்சுக் குடுத்திருக்கேன்."

டாக்டரம்மா மருந்தை எழுதிக் கொடுத்தார். அவள் வீட்டுக்கு வந்து திரைச்சீலைகளைத் துவைத்தாள். பக்கத்து வீட்டுப் பூனையை விரட்டினாள். யூனிஃபார்மை இரண்டு தண்ணீரில் அலசினாள். அதில் எப்போதும் ஒரு நாற்றம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரு நாற்றம் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

தம்பிக்கு வேறு ஒரு கவலை இருந்தது. அவன் வேன் மஞ்சள் நிறத்தில் பிறந்தது. இப்போது பின்பாதி கறுத்து, முன்பாதி மட்டும் மஞ்சளாக, பாதி கருகிய தோசை போல ஓடிக்கொண்டிருந்தது. வயதான வண்டிகளெல்லாம் இந்த மாதக் கடைசிக்குள் புதிதாகப் புகைச் சான்றிதழ் வாங்கித் தராவிட்டால் கேட்டுக்குள் விடமாட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். ஒருவன் ஏற்கெனவே இரண்டு மின்சார வேன்களை வாங்கிப் பள்ளிக்கூட வாசலில் பளபளவென்று நிறுத்தி, ஹெட்மாஸ்டர் வரும்போதெல்லாம் கதவைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, எனக்கு ஒரு பேப்பர் வேணும். அது இல்லேன்னா நான் ஸ்டியரிங்கை விட்டுட்டு துடைப்பத்தைத்தான் பிடிக்கணும்."

"வாடா, எப்ப வேணா வா. உன் வண்டிக்கு என்ன குறை?"

"அதானே" என்றான் தம்பி. நிஜமாகவே அவனுக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. எல்லா வருடமும் நல்ல எண்களோடு தேறிய வண்டி. ஒரு வண்டி இப்படித் தேறிக்கொண்டே இருக்கும்போது மெக்கானிக்கிடம் எதற்காக விட வேண்டும்? அவன் விடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கடைக்காரருக்குப் புகழாசை வந்தது.

புதிதாகத் திறந்த மின்சார கார் ஷோரூமின் விற்பனையாளர், டை கட்டிய இளைஞன், சாயங்காலம் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டான். "சார், புகையைப் பிடிக்கிறவரே நீங்க. நீங்களே பெட்ரோல் கார் வச்சிருந்தா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"அது ஓடுறதே இல்லையேப்பா."

"அதான் சார், ஓடாத காரைக் குடுத்துட்டு ஓடுற காரை எடுத்துக்கோங்க. பழைய காருக்கு எக்ஸ்சேஞ்ச் உண்டு. இந்தக் காரை நீங்க வாங்கினா எத்தனை மரம் நட்ட மாதிரி தெரியுமா?"

"எத்தனை?"

"அது மாடலைப் பொறுத்தது சார்."

கடைக்காரர் நடுத்தர மாடலை எடுத்தார். ஷோரூம் வாசலில் அவருக்குச் சால்வை போட்டார்கள். மறுநாள் நாற்சந்தியில் அவர் படம் போட்ட பெரிய பேனர் எழுந்தது: 'புகைக்கு எதிரான நம் ஊர்ப் போராளி.' படத்தில் அவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகாயம் நீலமாக இருந்தது. பேனருக்குப் பின்னால் இருந்த நிஜ ஆகாயம் பழைய வேட்டி நிறத்தில் இருந்தது. உத்தமனை ஷோரூம்காரர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்தவர் பழைய கார் சார். ஓய்வுபெற்ற அதிகாரி. எந்த அலுவலகத்தில் அதிகாரி என்பது அவருக்கே மறந்துபோகும் அளவுக்கு ஓய்வுபெற்றவர். அவருடைய காரும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு ஆண்டுச் சான்றிதழையும் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்.

"பழசுன்னா புகைன்னு ஒரு கெட்ட பேர்" என்று வந்ததும் ஆரம்பித்தார். "வண்டியைச் சொல்லிக் குத்தமில்லை. வச்சிருக்கறவனுக்குப் பொறுப்பு வேணும். நான் தினமும் என் காரைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் எடுக்கிறேன்."

கடைக்காரர் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தார். கொல்லைப்பக்கம் போனார். போனவர் திரும்பி வரவே இல்லை. மனைவி எழுந்து போய்ப் பார்த்தாள். கையில் குழாயோடு அவர் புதுக் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். குனிந்து பார்த்தார். படுத்துப் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க?"

"சைலன்சரைக் காணோம்."

"முன்னாடி இருக்கா பாருங்க."

"முன்னாடி எவன்டி சைலன்சர் வைப்பான்?"

"புது மாடல் ஆச்சே, எங்க வச்சிருக்கான்னு யார் கண்டா?"

இருவரும் சேர்ந்து தேடினார்கள். சார்ஜ் ஏற்றும் மூடியைத் திறந்து அதற்குள் குழாயைச் செருகப் பார்த்தார் கடைக்காரர். அவள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகுதான் விஷயம் மெதுவாக அவர் முகத்தில் பரவியது. கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு சைலன்சரே கிடையாதுடி."

"புகையே வராதுன்னு சொல்லித்தானே வாங்கினீங்க?"

"வராதுன்னா, கொஞ்சம்கூடவா வராது?"

முன்னால் பழைய கார் சார் ஹாரன் அடித்தார். கடைக்காரர் அவசரத்துக்குக் குழாயைக் கொட்டகை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். வெறும் காற்றுதானே, அதில் என்ன இருக்கப் போகிறது? ஜன்னல் நாற்சந்தியைப் பார்த்திருந்தது. சிக்னலில் நின்ற வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. மனைவி உள்ளே ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு கடையின் சரித்திரத்தில் முதல்முறையாகத் திரையில் சிவப்பு எழுத்து வந்தது: தேறவில்லை.

"என்னங்க" என்று மனைவி ஓட்டை வழியாகக் கிசுகிசுத்தாள். "ரோடே தேறலைங்க."

"மறுபடி அடி."

மறுபடியும் ரோடு தேறவில்லை. அதற்குள் பழைய கார் சார் திரையை எட்டிப் பார்த்துவிட்டார். முகம் வெளிறிப்போனது. "என் காரா? என் காரா தேறலை? என்ன சொல்றீங்க நீங்க?"

"சார், மெஷின் இன்னும் தூங்கி எழுந்திரிக்கலை. அஞ்சு நிமிஷம் உக்காருங்க" என்றாள் அவள்.

வழி கண்டுபிடித்தவளும் அவள்தான். புதுக் காரின் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டாள். ஒரு கண்ணாடியை மட்டும் விரல் அளவுக்கு இறக்கி, குழாயை உள்ளே விட்டு, இடைவெளியில் துண்டைத் திணித்தாள். ஷோரூம் பையன் சொல்லியிருந்தான்: வெளிக்காற்றின் அழுக்கை வடிகட்டித்தான் உள்ளே விடுமாம். மெஷின் அந்தக் குளிர்ந்த காற்றை உறிஞ்சியது. திரை பச்சையானது. இதுவரை எந்த வண்டிக்கும் வராத எண்கள்.

பழைய கார் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா? வயசாக வயசாக மெருகேறுது."

அன்று முதல் கடைக்கு இன்னும் பேர் வந்தது. உத்தமன் என்ன இருந்தாலும் பெட்ரோல் குடித்தவன், கொஞ்சமாவது புகை விடுவான். புதுக் காரின் ஏசிக் காற்றில் லாரிகள் பன்னீர் தெளித்ததுபோலத் தேறின. நாற்சந்திக்கு அப்பாலிருந்தும் வண்டிகள் வந்து வரிசையில் நின்றன. வரிசையில் நிற்கும்போது யாரும் இஞ்சினை அணைப்பதில்லை, அணைத்தால் பாதி வண்டிகள் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஜெராக்ஸ் கடைக்காரர் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஜெராக்ஸ் எடுத்தார். மின்சார கார் தெருவுக்கு வரவே இல்லை. கொட்டகையிலேயே நின்று, நாள் முழுக்க ஏசி ஓட்டி, ஊர் வண்டிகளின் பெயரில் சுத்தமான காற்றைக் கொடுத்தது.

"ஒரே ஒரு மின்சார கார் ஊரில உள்ள மொத்தப் புகையையும் குறைச்சிருச்சு பாத்தியா?" என்றார் கடைக்காரர். கிண்டலாகச் சொல்லவில்லை.

தம்பி எதையும் கடைசி நாளில் செய்கிறவன். மாதத்தின் கடைசி நாள், சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகளை வீடுகளில் இறக்கப் போகிற வழியில், வேனை நேராகக் கடைக்குக் கொண்டுவந்தான். பின்னால் வழக்கமான வரிசை. அதில் தன் காரோடு பழைய கார் சாரும் இருந்தார். மைத்துனர் ஒருவரின் காருக்குச் சான்றிதழ் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்து, அந்தக் காரையும் தன் காரையும் பற்றிப் பக்கத்தில் நின்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, சீக்கிரம். புள்ளைங்க இருக்கு" என்றான் தம்பி.

"வா மச்சான். உனக்கு இல்லாததா?" கடைக்காரர் படம் எடுத்தார். அவள் நம்பரைத் தட்டினாள். அந்த நம்பர் அவள் விரல்களுக்கு மனப்பாடம். பொத்தானை அழுத்தினாள்.

தேறவில்லை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடா, மறுபடி போடுறேன்."

தேறவில்லை. இந்தமுறை எண்கள் இன்னும் மோசம்.

"நம்ம கடையிலேயே நம்ம வண்டி தேறலையா?" தம்பிக்குக் குரல் உயர்ந்தது. "மாமா, அந்த மின்சார வேன்காரன் ஏதாவது சொல்லி வச்சிருக்கானா உங்ககிட்ட?"

"வாயை மூடு மச்சான். ஏசி நின்னிருக்கும். போய்ப் பாருடி."

அவள் கொல்லைப்பக்கம் போனாள். ஏசி நிற்கவில்லை. கார் கண்ணாடிகள் உள்பக்கமாகப் பனி பூத்திருந்தன. பனியில் யாரோ விரலால் ஒரு யானை வரைந்திருந்தார்கள். அவள் கதவைத் திறந்தாள்.

உள்ளே பிள்ளைகள். பின்சீட்டில் ஒருவர் மடியில் ஒருவர், முன்சீட்டில் மூன்று பேர், ஸ்டியரிங்கில் அவள் மகள். வேனில் வேர்த்து வழிந்தவர்களை ஏசி காருக்கு அழைத்து வந்தது மகள்தான்.

"அம்மா, நாங்க ஊட்டியில இருக்கிற மாதிரி விளையாடுறோம். கதவை மூடுங்க, குளிர் போயிரும்" என்றவள் இருமினாள். அவள் நிறுத்தியதும் பின்சீட்டில் ஒரு பையன் தொடர்ந்தான். அவனுக்கு அடுத்து இன்னொருத்தி.

ஆனால் தாயை அசையாமல் நிற்க வைத்தது இருமல் இல்லை. திறந்த கதவு வழியாகக் குளிர்காற்றோடு சேர்ந்து வந்த நாற்றம். அவள் இரண்டு தண்ணீரில் அலசியும் போகாத நாற்றம். குனிந்து மகளின் தலையை முகர்ந்தாள். அடுத்தவளின் ரிப்பனை. அந்தப் பையனின் சட்டைக் காலரை. எல்லாம் ஒரே நாற்றம். பள்ளிக்கூடத்தின் நாற்றம் இல்லை. முன்வாசலில் உறுமிக்கொண்டு நின்ற வேனின் நாற்றம்.

குழாயின் நுனி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், மகளின் மூச்சுக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் பின்னாலேயே வந்துவிட்டார். எட்டிப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி. "அடச்சே, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? எல்லாரும் இறங்குங்க, இறங்குங்க. ரெண்டு நிமிஷம் காத்து மாறட்டும். மறுபடி அடிச்சா தேறிடும்."

"யாரு தேறுவா?"

"வேன்தான். வேற யாரு?"

"இப்ப தேறாம போனது யாருங்க?"

அவருக்குப் புரியவில்லை. அல்லது புரிந்து, அது நல்லதற்கில்லை என்று தோன்றியிருக்கும். "வரிசை நிக்குதுடி" என்றார்.

"நான்தான் டாக்டர்கிட்ட சொன்னேன். தேறின வண்டின்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னேன்." அவள் துண்டை உருவி எறிந்தாள். குழாயை வெளியே இழுத்தாள்.

"என்னடி பண்றே?"

அவள் கடைக்குள் போய், ஓட்டை வழியாகக் குழாயை இழுத்தாள். இத்தனை வருடங்களாக ஒரே திசையில் கிடந்ததால் அது வாசல் பக்கம் திரும்ப மறுத்தது. விட்டால் மறுபடி சுவரைப் பார்த்துச் சுருண்டது. கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

தம்பி அவளையும் குழாயையும் மாறிமாறிப் பார்த்தான். "அக்கா, அதை எதுக்கு இங்க கொண்டுவர்றே?"

"ஸ்டார்ட் பண்ணு."

"ஸ்டார்ட்லதான் இருக்கு."

"அப்ப அழுத்து."

"அக்கா, உனக்கு என்ன ஆச்சு? போன வருஷம் நீதானே அடிச்சுக் குடுத்தே? அதுக்கு முந்தின வருஷமும் நீதானே? நல்ல வண்டின்னு நீ எழுதிக் குடுத்ததை நம்பித்தானே நான் சர்வீசுக்கே விடலை!"

"நீயும் நம்பினியா?"

"முத்திரை இருந்துச்சேக்கா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவர் ஓட்டையைப் பற்றி இருவருக்கும் தெரியும். உத்தமனைக் கழுவித் துடைக்கும் வேலையைத் தம்பியே பலமுறை செய்திருக்கிறான்.

"அழுத்துடா" என்றாள் அவள், இந்தமுறை மெதுவாக. "உள்ளே அவங்க எல்லாரும் இருமுறாங்க. நான் கேட்டேன்."

"தேறலேன்னா என் பொழப்பு போயிரும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அழுத்து."

தம்பி ஏறி உட்கார்ந்தான். அவள் குழாயை வேனின் சைலன்சருக்குள் செருகினாள். கொட்டகையிலிருந்து வெளியே வந்த பிள்ளைகள் சந்தில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவன் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தான். பிறகு அழுத்தினான்.

வேன் மூச்சுவிட்டது. சந்து முழுக்கக் கறுத்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். மெஷின், வாழ்க்கையில் முதல்முறையாக நிஜமான சைலன்சருக்குள் தலையைக் கொடுத்த அதிர்ச்சியில், விதவிதமாகக் கத்தியது. திரையில் சிவப்பு. எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். அவ்வளவு பெரிய எண் அதற்குத் தெரியாது போலிருந்தது.

"அச்சடிக்காதே" என்றார் கடைக்காரர். "சொன்னா கேளு. திரையில வந்தா யாருக்கும் தெரியாது. அச்சடிச்சா மேலே ஆபீசுக்குப் போயிரும்."

அவள் அச்சடித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. வரிசையில் நின்றவர்கள், குழாய் சுவரை விட்டுவிட்டுச் சைலன்சருக்குள் போவதைப் பார்த்திருந்தார்கள். கடைசியில் நின்ற டெம்போவுக்குத் திடீரென்று ஒரு அவசர வேலை ஞாபகம் வந்தது. அதற்கு முன்னால் நின்ற ஆட்டோவுக்கும் வந்தது. தண்ணீர் வண்டிக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு "இதோ வந்துட்டேன், வந்துட்டேன்" என்று அடிக்காத போனில் பேசியபடியே ரிவர்ஸ் எடுத்தார். ஒருவரும் சண்டை போடவில்லை. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கல்யாண வீட்டில் சாப்பாடு தீர்ந்துவிட்டது தெரிந்தவர்கள்போலக் கௌரவமாகக் கலைந்தார்கள்.

பழைய கார் சார் மட்டும் நின்றார். அவரும் போகத்தான் பார்த்தார். அவர் காருக்கு ரிவர்ஸ் கியர் விழவில்லை.

"சார், வந்தது வந்துட்டீங்க" என்றான் தம்பி. தன் சிவப்புச் சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அக்கா கையிலிருந்த குழாயை அவனே வாங்கினான். தனியாகத் தோற்பது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி, நான் இன்னிக்கு மைத்துனர் கார் விஷயமா..."

"உங்க கார்தானே சார் நிக்குது."

குழாய் போனது. பழைய கார் சாரின் கார் இருமியது, துப்பியது, கடைசியாகத் தன் சைலன்சரில் பாதியைக் கழற்றிக் குழாயோடு சேர்த்துக் கொடுத்துவிட்டது. அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். இத்தனை வருடங்களாகச் சட்டம் போட்டு மாட்டியவை எந்தக் காருடைய மூச்சு என்று அவருக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது. ஆனால் கேட்கவில்லை. சுவரில் இருந்த ஓட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எவ்வளவுன்னு காட்டுச்சு?" என்று தம்பியிடம் கேட்டார்.

"கோடு சார்."

"எனக்கும் கோடுதான்." அதில் இருவருக்கும் ஒரு சின்ன ஆறுதல்.

பிள்ளைகளை வீட்டில் சேர்க்க வேண்டும். வேனை எடுக்கக்கூடாது என்றாள் அவள். கடைக்காரர், புண்பட்ட மனதோடு என்றாலும், "நம்ம கார்ல ரெண்டு நடையா விட்டுட்டு வர்றேன்" என்று சாவியோடு போனார். காலையிலிருந்து ஊருக்காக ஏசி ஓட்டியதில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கார் கொட்டகை வாசல்வரை நகர்ந்து, அங்கேயே நின்றது. அதற்குள் உட்கார்ந்து அவர் யாருக்கோ போன் செய்யத் தொடங்கினார். ஷோரூம் பையனாக இருக்கலாம். உத்தமன் இப்போது எங்கே இருக்கிறான் என்று அவர் கேட்பது தெருவுக்குக் கேட்டது.

ஆகவே நடந்தார்கள். அவள் முன்னால், மகள் கையைப் பிடித்துக்கொண்டு. நடுவில் பிள்ளைகள். பின்னால் தம்பி, இரண்டு தோளிலும் புத்தகப் பைகளோடு. நாற்சந்தியைத் தாண்டும்போது சிக்னலில் நின்ற லாரிகளும் டெம்போக்களும் அவர்கள்மேல் புகை விட்டன. ஒவ்வொரு நம்பரையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவள் மகளின் மூக்கைத் தன் புடவைத் தலைப்பால் மூடினாள். பிறகு இன்னொரு பிள்ளைக்கு, அப்புறம் இன்னொரு பிள்ளைக்கு. தலைப்பு போதவில்லை.

முதல் வீட்டில் அந்தப் பையனின் அம்மா கேட்டருகே நின்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க வேன்காரரே, நடத்தியே கூட்டிட்டு வர்றீங்க? வண்டி என்னாச்சு?"

தம்பி அக்காவைப் பார்த்தான். தொண்டையைக் கனைத்தான். "புகைச் சோதனையில தேறலைங்க. இஞ்சினை இறக்கி வேலை பார்க்கணும். எவ்வளவு நாளாகும்னு தெரியலை."

"ஐயோ, அப்ப நாளைக்கு இவனை யாரு கூட்டிட்டுப் போவா? எனக்கு ஆபீஸ் இருக்கே." பையன் இருமினான். அவர் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "இதுக்கெல்லாம் இஞ்சினை இறக்குவாங்களா? நாற்சந்திக்கிட்ட ஒரு கடை இருக்காம். எந்த வண்டியா இருந்தாலும் தேறிடுமாம். என் வீட்டுக்காரர் பைக்குக்கு அங்கதான் வாங்கினார். பேசாம அங்க போய்ப் போடுங்க."

"அங்கேருந்துதாங்க வர்றோம்" என்றாள் அவள்.

"அப்ப நீங்க வேற கடைக்குப் போயிருப்பீங்க" என்றார் அந்த அம்மா உறுதியாக. "அந்தக் கடையில தேறாதுங்கிற பேச்சே கிடையாது."

தம்பி பையனின் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கொடுத்தான். மீதிப் பிள்ளைகளோடு அவர்கள் அடுத்த வீட்டை நோக்கி நடந்தார்கள்.